மாடி அக்வாபோனிக்ஸில் பாசி: வெயிலை மறைப்பதா, யூவி விளக்கா, பாசி தின்னும் மீனா?

வண்ண மீன் தொட்டியில் பாசி பிடித்தால் முதலில் கிடைக்கும் யோசனை, தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள் என்பதுதான். அக்வாபோனிக்ஸில், அதாவது மீன் தொட்டித் தண்ணீரைக் கொண்டே செடி வளர்க்கும் முறையில், அது நடக்காது. மீன் கழிவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரேட்தான் கீரைக்கு உரம். பாசிக்கும் அதுவே உணவு. அதைக் குறைத்தால் பாசிக்கு முன்னால் கீரை வெளுத்துவிடும். பாசி வளரத் தேவையானவை நீர், சத்து, வெளிச்சம் மூன்றும். இவற்றில் நம்மால் நிறுத்த முடிந்தது வெளிச்சம் ஒன்றுதான். செடிக்கு வெளிச்சம் இலையில் பட்டால் போதும், வேரில் படவே கூடாது. மீனுக்குப் பகல் எது இரவு எது என்று தெரிந்தால் போதும். இந்த அமைப்பில் தண்ணீர் மேல் நேராக வெயில் விழ வேண்டிய இடம் எங்குமே இல்லை. கடையில் கிடைக்கும் மற்ற வழிகளை எல்லாம் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

கணக்குக்காக ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் ஐபிசி டேங்க் (இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டித் தொட்டி) ஒன்று, அதில் சுமார் 10 கிலோ மீன். இன்னொரு ஐபிசி டேங்கை வெட்டிச் செய்த 30 செ.மீ. ஆழமுள்ள இரண்டு படுகைகள், உள்ளே 20 மி.மீ. ஜல்லி, படுகை நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கும் பெல் சைஃபன். படுகைகளின் பரப்பு இரண்டும் சேர்த்து 2.4 சதுர மீட்டர். அளவு வேறாக இருந்தால் அதற்கேற்ப விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம்.

விட்டால் என்ன ஆகும்?

தண்ணீர் பச்சையாகத் தெரிவது மட்டும்தான் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். ஆனால் பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிட்டாலும் இரவு முழுக்க அதை உறிஞ்சுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மி.கி.தான். அதில் மீனும் பாக்டீரியாவும் பாசியும் பங்கு கேட்டால் விடியற்காலை நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் அளவு 3 மி.கி.க்குக் கீழே போய்விடக்கூடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அந்த நேரத்தில்தான். அப்போது மின்சாரம் போனால் காலையில் மீன் மிதக்கும்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஏறுகிறது. பி.எச். ஏறினால் அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகிறது. 30 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8-இல் அது ஏழரை சதவீதம், 9-இல் கிட்டத்தட்ட 45 சதவீதம். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை பி.எச். பாருங்கள். இரண்டுக்கும் நடுவே அரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தொட்டியை நடத்துவது பாசி என்று வைத்துக்கொள்ளலாம். பி.எச். ஏறும்போது இரும்புச் சத்தும் செடிக்குக் கிடைக்காமல் போய், புதுத் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளடிக்கும்.

மூன்றாவது, அடைப்பு. நூல் பாசி பம்ப்பின் வாயிலும், தெளிப்புக் குழாயின் துளைகளிலும், சைஃபனின் அடிப்பல்லிலும் சுற்றிக்கொள்ளும். சைஃபன் நின்று நின்று ஓடத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இதற்காக எல்லாப் பாசியையும் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. தொட்டிச் சுவரில் மெல்லியதாகப் படியும் வழுவழுப்பான பச்சைப் படலத்தில் நைட்ரேட் செய்யும் பாக்டீரியாவும் குடியிருக்கிறது. திலேப்பியாவும் ரோகு குஞ்சும் அதைக் கொறிக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி?

எதற்குப் பணம் செலவழிப்பது என்பது இதைப் பொறுத்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அசைக்காமல் நிழலில் 24 மணி நேரம் வையுங்கள். அடியில் பழுப்பு வண்டல் தங்கி மேலே தெளிந்தால் அது பாசி இல்லை. மீன் கழிவும் தீனித் தூளும். வடிகட்டிதான் போதவில்லை. மறுநாளும் தம்ளர் முழுக்கப் பச்சையாகவே இருந்தால் அது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி, அதாவது பச்சைத் தண்ணீர். தெளிந்து, ஆனால் தேநீர் நிறத்தில் இருந்தால் அது கரைந்த கரிமப் பொருள். அதனால் கெடுதல் இல்லை, உள்ளே போகும் வெளிச்சத்தையும் அது குறைக்கும்.

நூல் பாசி கையில் முடிபோல வரும். நீலப்பச்சைப் பாசி வேறு சாதி: கருநீலப் பச்சையில் கொழகொழவென்று பாய்போல உரியும், மண் வாடை அடிக்கும். அந்த வாடைக்குக் காரணமான ஜியோஸ்மின் மீன் சதையிலும் ஏறும். குழம்பு வைத்தாலும் மண் ருசி போகாது. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையிலும், அடியில் கசடு தேங்கிய இடத்திலும்தான் அது முதலில் வரும்.

வெளிச்சத்தை மறைத்தல்

சுவர்ப் படலம், பச்சைத் தண்ணீர், நூல் பாசி, நீலப்பச்சைப் பாசி என்ற நான்கு வகைக்கும் வேலை செய்யும் ஒரே வழி இது. மாதச் செலவு இல்லை, மீனுக்கோ பாக்டீரியாவுக்கோ கெடுதல் இல்லை. இதற்குள்ளேயே தேர்வு செய்ய வேண்டியவை சில உண்டு.

பலரும் முதலில் வாங்குவது நிழல்வலை. பாசிக்கு அது மருந்தல்ல. 75 சதவீத வலைக்குக் கீழே மிஞ்சும் நாலில் ஒரு பங்கு நடுப்பகல் வெயில் பாசிக்குத் தாராளம். மார்ச் முதல் ஜூன் வரை தண்ணீர் சூடாகாமல் இருக்கவும் கீரை வாடாமல் இருக்கவும் 50 சதவீத வலை நல்லது. அதை அந்த வேலைக்காக மட்டும் கட்டுங்கள். தக்காளி, மிளகாய் வைத்திருந்தால் 50 சதவீதமே அதிகம், பூ உதிரும்.

ஐபிசி டேங்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் வெளிச்சத்தைக் கடத்தும். 200 லிட்டர் நீல பேரலும் ஓரளவு கடத்தும். பல அடுக்குள்ள கறுப்பு வாட்டர் டேங்க் கடத்தாது. புதிதாக வாங்குபவர் அதை வாங்கினால் பாதிப் பிரச்சினை முளைக்கும் முன்பே முடிந்தது.

ஐபிசி வைத்திருப்பவருக்கு இரண்டு வழி: பெயின்ட் அல்லது போர்வை. அந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் சுலபமாக ஒட்டாது. 120-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட், கறுப்பு இரண்டு கோட், அதன் மேல் வெள்ளை இரண்டு கோட் அடிக்க வேண்டும். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கிறது, வெள்ளை வெப்பத்தைத் திருப்புகிறது. கறுப்போடு நிறுத்தினால் மே மாதத்தில் தண்ணீர் கொதிப்பேறும். நான்கு பக்கமும் மேல்பக்கமும் சேர்த்து சுமார் 5.6 சதுர மீட்டர். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றரை லிட்டர் போதும். வெளிப்பக்கம் மட்டுமே அடிக்க வேண்டும், உள்ளே ஒரு சொட்டும் படக்கூடாது. இரும்புக் கூண்டைக் கழற்றாமல் ஒழுங்காக அடிக்க முடியாது என்பதால், தண்ணீர் நிரப்பும் முன் செய்தால்தான் உண்டு.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்குப் போர்வைதான் சரி. பின்பக்கம் கறுப்பாக உள்ள ஃபிளக்ஸ் பேனரை 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரத்தில் வெட்டி, கறுப்பு உள்ளே, வெளிர் நிறம் வெளியே இருக்குமாறு கூண்டுக்கு வெளியே சுற்றிக் கட்டுங்கள். டேங்கின் சுற்றளவு 4.4 மீட்டர், மீதி ஒன்றன்மேல் ஒன்று விழுவதற்கு. கூண்டுக்கும் பேனருக்கும் நடுவே நிற்கும் காற்று வெப்பத்தைக் குறைக்கும். வெறும் கறுப்புப் பாலிதீனை டேங்கோடு ஒட்டிச் சுற்றுவதைவிட இது எல்லா வகையிலும் மேல். வெயிலில் ஃபிளக்ஸ் நாளடைவில் நொறுங்கும். மாற்றுவதும் அதே அளவு சுலபம்.

மேல்மூடிக்கு சன்பேக் எனும் பிளாஸ்டிக் அட்டை போதும். ஏர் பம்ப் தள்ளும் காற்று வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்கி அடைக்காதீர்கள். இரண்டரை செ.மீ. மரத்துண்டுகள் மேல் வைத்து, அந்த இடைவெளியை வலையால் சுற்றினால் காற்றும் போகும், மீனும் துள்ளி வெளியே விழாது. தீனி போட ஒரு சாண் கதவு.

ஜல்லிப் படுகைக்குச் செலவே கிடையாது. மேலே 3 முதல் 5 செ.மீ. ஜல்லி எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். அந்தக் காய்ந்த அடுக்கே திரை. 30 செ.மீ. ஜல்லி இருந்தால் சைஃபனின் உள்குழாய் படுகையின் அடியிலிருந்து 25 செ.மீ. உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சைஃபன் இழுக்கத் தொடங்குமுன் தண்ணீர் குழாய் விளிம்புக்கு மேலும் சற்று ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜல்லியின் மேல்பரப்பு பச்சையாகிறது என்றால் குழாய் உயரம்தான் காரணம்; ஒரு விரற்கடை அறுத்துவிட்டால் இரண்டு வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். தண்ணீர் விழும் வாயை ஜல்லிக்குள் புதைத்துவிடுங்கள். மேலிருந்து கொட்ட விட்டால் அந்த வட்டம் மட்டும் பச்சையாகவே இருக்கும்.

தெர்மோகோல் மிதவை வைத்திருப்பவர்கள், செடி வைக்காத துளைகளை வெட்டியெடுத்த வட்டத் துண்டாலேயே அடைக்க வேண்டும். வெள்ளை பிவிசி குழாயில் கீரை வளர்ப்பவர்கள் குழாய்க்கும் கறுப்பு, அதன் மேல் வெள்ளை அடிக்க வேண்டும். மெல்லிய வெள்ளைக் குழாய் வெளிச்சத்தை உள்ளே விடும். பம்ப்பிலிருந்து வரும், உள்ளே ஓடும் தண்ணீர் தெரியும் ஹோஸை மறக்காமல் கறுப்பு ஹோஸாக மாற்றுங்கள். சம்ப்பை (படுகையிலிருந்து வடியும் தண்ணீர் சேரும் தொட்டியை) மூட அட்டை இல்லாவிட்டால் அசோலா என்ற மிதக்கும் சிறு பெரணியை விடலாம்; பரவினால் தண்ணீர் தெரியாமல் மூடிக்கொள்ளும், உபரியை மீனுக்கோ கோழிக்கோ போடலாம். பம்ப் வாயில் சல்லடை கட்டாயம்.

முடித்தபின் ஒரு சோதனை. இருட்டிய பிறகு மாடி விளக்கை அணைத்துவிட்டு, மூடியைச் சற்றுத் தூக்கி, பிரகாசமான டார்ச்சை டேங்குக்குள் அடித்துக்கொண்டு வெளியே சுற்றிப் பாருங்கள். பேனர் ஒன்றுசேரும் இடம், அடி வால்வு, குழாய் நுழையும் துளையின் விளிம்பு என்று எங்கெல்லாம் ஒளி கசிகிறதோ அங்கெல்லாம் பகலில் வெயில் உள்ளே போகிறது. கறுப்பு டேப் ஒட்டி அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

யூவி விளக்கு

254 நானோமீட்டர் புற ஊதா (யூவி) ஒளியின் வழியே தண்ணீரை ஓடவிட்டு மிதக்கும் செல்களைக் கொல்வது இதன் வேலை. பச்சைத் தண்ணீருக்கு இது நிச்சயமாக வேலை செய்யும். சரியாகப் பொருத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் அடி தெரியும். ஆனால் விளக்கைக் கடந்து போகும் தண்ணீரில் உள்ளதை மட்டுமே அது தொடும். சுவரில் ஒட்டிய படலத்தையும் நூல் பாசியையும் நீலப்பச்சைப் பாயையும் ஒன்றும் செய்யாது. நல்ல பாக்டீரியா பெரும்பாலும் ஜல்லியில் ஒட்டி வாழ்வதால் அதற்கும் பெரிய இழப்பில்லை.

1,000 லிட்டருக்கு 11 வாட் போதும். நேர் வெயிலில் திறந்து கிடக்கும் தொட்டிக்கு 18 வாட். 24 மணி நேரமும் ஓட வேண்டும். 11 வாட்டுக்கு மாதம் 8 யூனிட், 18 வாட்டுக்கு 13 யூனிட் மின்சாரம் ஆகும். இடம், வடிகட்டிக்குப் பின்னால். கலங்கிய தண்ணீரில் ஒளி ஊடுருவாது. பல்பு நீலமாக எரிந்துகொண்டே இருந்தாலும் 8,000 முதல் 9,000 மணி நேரத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு வருடத்தில், கிருமி கொல்லும் திறன் தேய்ந்துவிடும். போர்வெல் தண்ணீர் என்றால் குவார்ட்ஸ் உறையில் உப்பு படியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். தொட்டிக்குள் அப்படியே போடும் திறந்த பல்பு விலை குறைவு, ஆனால் கண்ணுக்கு ஆபத்து. மூடிய உறை உள்ளதையே வாங்குங்கள்.

செடி வளர்ப்பவருக்கு இதில் இன்னொரு குறை. செடிக்கு நாம் போடும் கீலேட் இரும்பை (செடி உறிஞ்சும்படி கரைந்தே இருக்கச் செய்த இரும்புச் சத்தை) இந்த ஒளி சிதைக்கிறது. யூவி ஓடும் தொட்டியில் இரும்பு சீக்கிரம் தீரும். இலைவழியாகவும் தெளிக்க வேண்டி வரும். கோய் கெண்டையை மேலிருந்து பார்த்து ரசிக்க வேண்டும், மூடி போட மனமில்லை என்பவருக்கு யூவி நியாயமான செலவு. சாப்பாட்டுக்கு மீன் வளர்ப்பவர் அந்தப் பணத்தைப் போர்வைக்கும் இன்னொரு ஏர் பம்ப்புக்கும் போடுவது மேல்.

வடிகட்டி, கை

பச்சைத் தண்ணீரின் செல்கள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்குக் கீழே. பஞ்சு வடிகட்டியின் துளைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. பச்சைத் தண்ணீருக்காக வடிகட்டி வாங்குவது வீண். நூல் பாசிக்கோ கைதான் சிறந்த கருவி: கரடுமுரடான ஒரு குச்சியைச் சுழற்றினால் நூலாகச் சுற்றிக்கொண்டு வரும். எடுத்ததை உடனே உரக்குழியில் போடுங்கள். உள்ளேயே அறுந்து விழுந்தால் அழுகி அம்மோனியாவாகும்.

பாசி தின்னும் உயிர்கள்

கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. சிறிதாக இருக்கும்வரை சுவரைச் சுரண்டும். வளர்ந்தபின் முழங்கை நீளம் வந்து, தின்பதைவிட அதிகமாகக் கழிவு போடும், விற்கவும் முடியாது. வேண்டாம் என்று ஏரியில் விட்டவர்களால்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களை நெருக்குகிறது. இதை வாங்கவே வாங்காதீர்கள். இருந்தால் எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள்.

வெள்ளிக் கெண்டை மிதக்கும் பாசியை வடித்துத் தின்னும், ஆனால் 1,000 லிட்டர் அதற்குப் போதாது. நத்தை சுவர்ப் படலத்தை நன்றாக மேயும். பிறகு ஜல்லிக்குள் முட்டையிட்டு, பம்ப்பையும் சைஃபனையும் அடைக்கும் அளவுக்குப் பெருகும். உணவுக்கென்று வளர்க்கும் மீனே பாசியைக் கொறித்தால் நல்லது. அனுமதி பெற்று வளர்க்கும் கிஃப்ட் திலேப்பியாவும் (வேகமாக வளரும்படி மேம்படுத்திய வகை) ரோகுவும் அப்படிப்பட்டவை. பாசிக்காகத் தனியாக ஓர் உயிரை வாங்கிவிட வேண்டாம்.

தீனிக்கும் செடிக்கும் உள்ள கணக்கு

சத்தை நிறுத்த முடியாது என்றாலும், மிஞ்சும் சத்தைக் குறைக்கலாம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிறு அக்வாபோனிக்ஸ் கையேடு, கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40–50 கிராம் தீனி, காய்க்கும் செடிக்கு 50–80 கிராம் என்று சொல்கிறது. நம் 2.4 சதுர மீட்டருக்குக் கீரை என்றால் 96 முதல் 120 கிராம். 10 கிலோ மீனுக்கு ஒரு சதவீதம் போட்டால் 100 கிராம், சரியாக இருக்கிறது. இரண்டு சதவீதம் போட்டால் 200 கிராம். அந்தக் கூடுதல் சத்து எங்கே போகும்? பாசிக்குத்தான். அறுவடை செய்த இடத்தைக் காலியாக விடுவதும் இதே விளைவைத் தரும். அதனால் ஒரே நாளில் எல்லாக் கீரையையும் பறிக்காமல் மூன்றில் ஒரு பங்காகப் பறித்து, அந்த இடத்தில் அன்றே நாற்று நடுங்கள்.

புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைக்கும் முதல் மூன்று முதல் ஐந்து வாரத்தில் சத்து இருக்கும், அதைத் தின்ன வேர் இருக்காது. பெரும்பாலான பச்சைத் தண்ணீர் அப்போதுதான் பிறக்கிறது. மூடியும் போர்வையும் முதல் நாளே இருக்க வேண்டும்.

மருந்துகள்

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசியைக் கொல்லும். கடினத்தன்மை குறைந்த தண்ணீரில் மீனையும் கொல்லும், வேரையும் கருக்கும், தாமிரம் ஜல்லியில் தங்கிவிடும். வண்ண மீன் கடைப் பாசிக்கொல்லிகளில் பல, செடியைக் கொல்லும் களைக்கொல்லி வகைதான். கீரை வளரும் தண்ணீரில் அதற்கு இடமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்சிஜனாகச் சிதைந்துபோகும் என்பது உண்மை. ஆனாலும் சிதையும் முன் பாக்டீரியாவைச் சுடும். கழற்றி வெளியே எடுத்த குழாயைக் கழுவ மட்டும் பயன்படுத்தலாம். வைக்கோல் கட்டிப் போடும் முறை குளங்களுக்கானது. சிறு தொட்டியில் அது அழுகும்போது ஆக்சிஜனைத்தான் தின்னும். மக்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் தண்ணீரைப் பழுப்பாக்கி வெளிச்சத்தைக் குறைக்கும், செடிக்கும் நல்லது. திறந்தே இருக்க வேண்டிய தொட்டிக்கு இளந்தேநீர் நிறம் வரும் அளவு கலக்கலாம்.

ஏற்கெனவே பச்சையாகிவிட்ட தொட்டிக்கு

ஐந்து நாள் இருட்டுதான் மிக மலிவான வழி. ஆனால் பாசி ஒரேயடியாகச் சாகும்போது அழுகி ஆக்சிஜனை இழுக்கும், அம்மோனியாவை விடும். அதனால் தொடங்கும் முன் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இரண்டாவது ஓட வேண்டும், மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் 200 லிட்டர் பச்சைத் தண்ணீரை எடுத்துத் தென்னைக்கோ பூந்தொட்டிக்கோ ஊற்றிவிடுங்கள், நல்ல உரம். பதிலுக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முன்பே பிடித்து, காற்று ஓட்டி, குளோரின் போகவிட வேண்டும். அன்று தீனி கிடையாது. பிறகு தொட்டியை முழுக்க மூடி, இரண்டாம் நாளிலிருந்து பாதித் தீனி. பம்ப் நிற்காமல் ஓடட்டும். செடிகள் வழக்கம்போல வெயிலில் இருக்கட்டும்.

தினமும் காலையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். எதுவாவது லிட்டருக்கு 1 மி.கி.யைத் தாண்டினால் தீனியை நிறுத்தி 200 லிட்டர் மாற்றுங்கள். மூன்றாம் நான்காம் நாளில் பச்சை மங்கி சாம்பல் கலந்த மஞ்சளாகும். ஐந்தாம் நாள் அடியில் தங்கிய சாம்பல் நிறக் கசடை ஹோஸ் வைத்து உறிஞ்சி எடுங்கள். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பட்டு பாக்டீரியா போய்விடும். நிரந்தரப் போர்வையும் மூடியும் கட்டி முடிக்கும்வரை அந்தத் தற்காலிக மறைப்பை எடுக்க வேண்டாம்; திறந்த ஒரு வாரத்தில் மறுபடி பச்சையாகும். அம்மோனியா அரை மி.கி.க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து நின்றபிறகு தீனியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.